வண்டியை நிறுத்தினால்தான் காண்டாமிருகம்

ஆப்பிரிக்காவின் தென்பகுதியில் தாமே வண்டி ஓட்டிச் சென்று, கூடாரம் போட்டுத் தங்கி, காண்டாமிருகங்களைப் பார்க்க விரும்புகிறவர்கள் பெரும்பாலும் வரைபடத்தை விரித்து வைத்துக்கொண்டு ஒரு நாளில் எத்தனை கிலோமீட்டர் ஓட்டலாம் என்றுதான் முதலில் கணக்குப் போடுகிறார்கள். நமீபியாவின் எட்டோஷா தேசியப் பூங்காவுக்கு நானும் தம்பியும் சென்று வந்த பிறகு, என்னிடம் யோசனை கேட்பவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான்: ஒரு நீர்க்குட்டையின் கரையில் எத்தனை மணி நேரம் அசையாமல் உட்கார்ந்திருக்க முடியும் என்பதை முதலில் முடிவு செய்துகொள்ளுங்கள், தூரத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். தம்பிக்கு இந்தக் கருத்தில் இன்றும் முழு உடன்பாடு கிடையாது. அவன் வண்டி ஓட்டுவதில் மகிழ்கிறவன். அந்த வேறுபாடு பயணம் முழுவதும் எங்களுடனேயே வந்தது.

காண்டாமிருகத்துக்காக எங்கே போவது என்ற கேள்விக்கு விடைகள் பல உண்டு. தென்னாப்பிரிக்காவின் குவாஸுலு-நட்டால் மாகாணத்தில் உள்ள ஷ்லுஷ்லுவே-இம்ஃபொலோசி காப்பகம் வரலாற்றுப் பெருமை மிக்கது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் தென்பகுதி வெள்ளைக் காண்டாமிருகங்கள் நூற்றுக்கும் குறைவாக, ஏறக்குறைய அந்த ஒரே இடத்தில் மட்டும் எஞ்சியிருந்தன. 1895-இல் அங்கே காப்பகம் அறிவிக்கப்பட்டது. 1960-களில் வனவிலங்குப் பாதுகாவலர் இயன் பிளேயரும் அவருடைய குழுவினரும் அங்கிருந்து மயக்க மருந்து ஊசி செலுத்திப் பிடித்த விலங்குகளை மற்ற காடுகளுக்கு அனுப்பத் தொடங்கினார்கள். தென்னாப்பிரிக்காவின் க்ரூகர் தேசியப் பூங்காவிலிருந்து முற்றிலும் அழிந்துபோயிருந்த வெள்ளைக் காண்டாமிருகம் 1961-இல் மீண்டும் அங்கே கால் வைத்தது அப்படித்தான். இன்று உலகில் வாழும் சுமார் 16,000 தென்பகுதி வெள்ளைக் காண்டாமிருகங்களும் அந்தச் சிறு கூட்டத்தின் வழித்தோன்றல்களே. க்ரூகர் பூங்காவுக்குச் சொந்த வண்டியில் போவது எளிது, சாலைகளும் முகாம்களும் அருமையானவை, ஆனால் ஒரு காலத்தில் பத்தாயிரத்தைத் தாண்டியிருந்த அதன் காண்டாமிருகங்களில் பெரும்பகுதியைத் திருட்டு வேட்டை கொண்டுபோய்விட்டது. போட்ஸ்வானாவில் செரோவே ஊருக்கு அருகே உள்ளூர் மக்களே 1992-இல் தொடங்கி நடத்திவரும் காமா காண்டாமிருகச் சரணாலயம் சிறியது. போகிற வழியில் ஓரிரவு கூடாரம் போட்டுத் தங்கி வெள்ளைக் காண்டாமிருகத்தை நிதானமாகப் பார்க்க அதைவிட எளிய இடம் இல்லை.

இவற்றையெல்லாம் விட்டு எட்டோஷாவை நாங்கள் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் கருப்புக் காண்டாமிருகம். புதர்களுக்குள் ஒளிந்து வாழும், கூச்சமும் கோபமும் மிக்க இந்த விலங்கைப் பல காடுகளில் வாரக்கணக்கில் தேடியும் பார்க்காமல் திரும்பியவர்கள் உண்டு. 1970-வாக்கில் ஆப்பிரிக்கா முழுவதும் சுமார் 65,000 இருந்த இவ்வினம் 1990-களின் நடுவில் 2,500-க்கும் கீழே சரிந்தது. இப்போது மெல்ல மீண்டு ஆறாயிரத்தைத் தாண்டியிருக்கிறது. அதில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு நமீபியாவில் இருக்கிறது. அந்த நாட்டின் வறண்ட நிலமே இதைப் பார்ப்பதற்கும் வழி செய்கிறது. மழையற்ற மாதங்களில் நீர் கிடைக்கும் இடங்கள் விரல்விட்டு எண்ணும் அளவுக்குச் சுருங்கிவிடுவதால், ஒளிந்து வாழ்கிற விலங்கும் இரவில் ஒருமுறையாவது வெளியே வந்தாக வேண்டும்.

ஆகவே பருவத்தைத் தேர்ந்தெடுப்பதில் விட்டுக்கொடுக்கவே கூடாது. ஜூன் முதல் அக்டோபர் வரை நல்ல காலம். ஜூன், ஜூலை மாதங்களில் இரவுக் குளிர் உறைநிலையை ஒட்டி இறங்கும். செப்டம்பர், அக்டோபரில் பகல் வெயில் தாங்க முடியாததாக இருக்கும், ஆனால் நீர்க்குட்டைகளில் கூட்டம் அதிகரிக்கும். நாங்கள் ஆகஸ்டில் போனோம். நவம்பருக்குப் பிறகு மழை பெய்து எங்கு பார்த்தாலும் தண்ணீர் தேங்கிவிட்டால் விலங்குகளுக்குக் குட்டைக்கு வரவேண்டிய தேவையே இல்லை. அந்த மாதங்களில் எட்டோஷாவின் பறவைகள் அற்புதமானவை, காண்டாமிருகத்தை நம்பி மட்டும் போகாதீர்கள்.

வண்டியை நமீபியாவின் தலைநகரான விண்ட்ஹூக்கில் எடுத்தோம். இரட்டை இருக்கை வரிசை கொண்ட டொயோட்டா ஹைலக்ஸ், கூரைமேல் மடித்து வைத்த கூடாரம், பின்பக்கம் ஒரு குளிர்பெட்டி, எரிவாயு அடுப்பு, மடக்கு நாற்காலிகள், பாத்திரங்கள், இரண்டு மாற்றுச் சக்கரங்கள் எனப் பயணத்துக்குத் தேவையான அனைத்தும் அதிலேயே இருந்தன. நமீபியாவில் இடதுபுறமாக ஓட்டுகிறார்கள், ஓட்டுநர் இருக்கை வலதுபுறம் இருக்கிறது. பன்னாட்டு ஓட்டுநர் அனுமதிச் சீட்டைக் கையோடு வைத்திருப்பது நல்லது. நமீபிய டாலரும் தென்னாப்பிரிக்க ராண்டும் ஒன்றுக்கு ஒன்று சம மதிப்புடையவை. ராண்டு அங்கே எங்கும் செல்லும், நமீபிய டாலர் எல்லைக்கு வெளியே செல்லாது என்பதால் கடைசி நாளில் கையில் மிச்சம் வைக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். வாடகை ஒப்பந்தத்தை ஒரு வரி விடாமல் படிக்கும்படி வற்புறுத்துவேன். சக்கரம், கண்ணாடி, வண்டியின் அடிப்பாகம் ஆகியவற்றுக்கான காப்பீடு பெரும்பாலும் தனியாக வாங்க வேண்டியது. இருட்டிய பிறகு ஓட்டி விபத்து நேர்ந்தால் பல நிறுவனங்கள் காப்பீட்டுத் தொகை தர மறுத்துவிடும். அந்த விதி வெறும் வணிகத் தந்திரம் என்று நினைக்க வேண்டாம். அந்தி சாய்ந்ததும் குடு என்னும் பெரிய மான்கள் சாலைக்கு வந்துவிடுகின்றன. முதிர்ந்த ஆண் குடு ஒன்று முன்கண்ணாடி வழியாக உள்ளே வந்தால் வண்டியில் இருப்பவர் பிழைப்பது அரிது.

விண்ட்ஹூக்கிலிருந்து ஒட்ஜிவரோங்கோ, ஊட்ஜோ வழியாக எட்டோஷாவின் ஒகாகுவேயோ முகாம் வரை ஏறத்தாழ 435 கிலோமீட்டர், முழுவதும் நல்ல தார்ச்சாலை. நாட்டின் பரப்பு எட்டு லட்சம் சதுர கிலோமீட்டருக்கு மேல், மக்கள்தொகையோ 30 லட்சம்தான் என்பது இந்தச் சாலையில் ஓட்டும்போதுதான் உண்மையாகவே புரிகிறது. வேலிகள், வேலிகளுக்கு அப்பால் முட்புதர்கள், எப்போதாவது எதிரே வரும் ஒரு லாரி, அவ்வளவுதான். ஊட்ஜோவில் எரிபொருளையும் காய்கறியையும் நிரப்பிக்கொண்டோம். இறைச்சி உண்பவர்கள் ஒன்றை நினைவில் கொள்ள வேண்டும்: கால்நடைகளின் கோமாரி நோய் தெற்கே பரவாமல் தடுக்க நாட்டின் குறுக்கே ஒரு வேலி ஓடுகிறது. அதன் வடபுறத்திலிருந்து தென்புறத்துக்குப் பச்சை இறைச்சியைக் கொண்டுவர அனுமதி இல்லை. எட்டோஷாவை விட்டு வெளியேறும்போது வண்டியின் குளிர்பெட்டியைத் திறந்து பார்ப்பார்கள். ஆகவே வாங்கிய இறைச்சியை உள்ளேயே சமைத்துத் தீர்த்துவிட வேண்டும்.

பூங்காவின் பரப்பு சுமார் 22,000 சதுர கிலோமீட்டர். அதில் ஏறக்குறைய 4,800 சதுர கிலோமீட்டர் உப்பும் களிமண்ணும் வெடித்துக் கிடக்கும் பெருந்தட்டையான வறண்ட நிலம். ஜெர்மானியர் ஆட்சியில், 1907-இல், ஆளுநர் ஃபிரீட்ரிக் ஃபான் லிண்டெக்விஸ்ட் இதைக் காப்பகமாக அறிவித்தார். கிழக்கு வாயிலுக்கு அவர் பெயர்தான் இன்றும் இருக்கிறது. உள்ளே எங்கும் மணிக்கு 60 கிலோமீட்டருக்கு மேல் ஓட்டக்கூடாது. வேலியிட்ட ஓய்விடங்களைத் தவிர வேறெங்கும் வண்டியை விட்டு இறங்கக்கூடாது. சூரியன் உதிக்கும்போது முகாமின் வாயில் திறக்கும், மறையும்போது மூடிவிடும். அன்றைய நேரம் வாயிலிலேயே எழுதி வைக்கப்பட்டிருக்கும். ஒகாகுவேயோவுக்கும் ஹலாலிக்கும் இடையே சுமார் 70 கிலோமீட்டர், ஹலாலியிலிருந்து நமுட்டோனிக்கும் அதே அளவு தூரம். மூன்று முகாம்களிலும் எரிபொருள் நிரப்பலாம். இந்தத் தூரங்களைப் பார்த்து ஒரே நாளில் கடந்துவிடலாம் என்று நினைப்பது இயல்பு. கடந்துவிடவும் முடியும், ஆனால் சரளைச் சாலையின் வெண்புழுதியைத்தான் நிறையப் பார்க்க நேரும்.

பகலில் நாங்கள் பார்த்தவை ஏராளம். நெப்ரவ்னி குட்டையில் வெண்களிமண் பூசிக்கொண்ட யானைகள் நின்றன, கெம்ஸ்பாக்விலக்டேயில் வரிக்குதிரைகளும் ஸ்பிரிங்பாக் மான்களும் வரிசை வரிசையாக வந்து குடித்துவிட்டுப் போயின. ரீட்ஃபொன்டெய்ன் குட்டைக்கு அருகே ஒரு பெண் சிங்கம் வண்டியின் நிழலில் வந்து படுத்துக்கொண்டது. தம்பி ஒவ்வொரு குட்டையிலும் பத்து நிமிடம் நிறுத்தி, "அடுத்ததைப் பார்ப்போமே, அண்ணா" என்பான். சிங்கத்துக்கும் யானைக்கும் அந்த முறை பயன்படலாம். கருப்புக் காண்டாமிருகம் பகலின் பெரும்பகுதியை முட்புதருக்கடியில் படுத்தே கழிக்கும். சாலையிலிருந்து முப்பது அடி தள்ளி அது படுத்திருந்தாலும், அறுபது கிலோமீட்டர் வேகத்தில் போகிறவர் கண்ணுக்கு அது ஒரு கறையான் புற்று. முதல் பகல் முழுவதும் ஓட்டினோம். ஒரு காண்டாமிருகமும் அகப்படவில்லை.

கூடாரத்தில் தங்குவதன் உண்மையான பயன் அன்று மாலையில்தான் தெரிந்தது. ஒகாகுவேயோ முகாமின் மேற்கு ஓரத்தில், ஒரு தாழ்ந்த கற்சுவருக்கு அப்பால், நீர்க்குட்டை ஒன்று இருக்கிறது. சுவரை ஒட்டி மரப்பலகைகள் போடப்பட்டிருக்கின்றன. இரவு முழுவதும் மஞ்சள் விளக்கு எரிகிறது. விலங்குகள் அந்த வெளிச்சத்துக்குப் பல தலைமுறைகளாகப் பழகிவிட்டன. முகாமில் தங்குகிறவர்கள், சொகுசு அறையில் இருந்தாலும் தரைக்கூடாரத்தில் இருந்தாலும், எந்த நேரமும் அங்கே வந்து உட்காரலாம், வழிகாட்டியும் கட்டணமும் தேவையில்லை. சூரியன் மறையும் வேளையில் பூங்காவுக்கு வெளியே விடுதி எடுத்தவர்களின் வண்டிகள் வாயிலை நோக்கி விரைகின்றன. காண்டாமிருகத்தின் நாள் அப்போதுதான் தொடங்குகிறது.

கம்பளிச் சட்டை, காதுமூடிய தொப்பி, போர்வை, ஒரு குடுவை தேநீர் ஆகியவற்றோடு இரவு எட்டு மணிவாக்கில் சென்று உட்கார்ந்தோம். குளிர் கால்விரல்களில் ஏறியது. பக்கத்துப் பலகையில் இருந்த முதியவர் ஒருவர் கையசைத்து எங்களைப் பேசாமல் இருக்கச் சொன்னார். அங்கே பேச்சு எப்போதும் கிசுகிசுப்புத்தான். கேமராவின் பளிச்சிடும் விளக்கை யாரேனும் தவறிப் போட்டால் சுவர் நெடுகிலும் தலைகள் திரும்புகின்றன. முதலில் ஒட்டகச்சிவிங்கிகள் வந்து, ஒரு கால் முன்னே வைப்பதும் பின்வாங்குவதுமாக அரைமணி நேரம் தயங்கி, பிறகு குனிந்து குடித்தன. அவை தலையை நிமிர்த்தி ஒரே திசையைப் பார்த்தபோது, வெளிச்சத்தின் விளிம்பில் ஒரு கருமை அசைந்தது. வருவது யானையோ என்று பார்த்தோம். தலை தாழ்ந்திருந்தது, முதுகின் வளைவு வேறு மாதிரி இருந்தது. கொல்லன் துருத்தியை அழுத்துவது போன்ற ஒரு மூச்சுச் சத்தம் சுவர் வரை கேட்டது. கருப்புக் காண்டாமிருகம்.

அது தனியாக வந்தது, நீரின் விளிம்பில் நின்று நெடுநேரம் காற்றை மோந்தது, குடித்தது. அதன் பார்வை மிகவும் குறைவு. காதும் மூக்கும்தான் அதற்கு உலகம். இரண்டு காதுகளும் தனித்தனியே திரும்பிக்கொண்டே இருப்பதைத் தொலைநோக்கியில் பார்த்துக்கொண்டிருந்தோம். சற்று நேரத்தில் ஒரு தாயும் அதன் பின்னால் கன்றும் வந்தன. இது ஒரு நல்ல அடையாளம். கருப்புக் காண்டாமிருகத்தின் கன்று புதர்களை விலக்கிச் செல்லும் தாயின் பின்னால் நடக்கும். திறந்த புல்வெளியில் மேயும் வெள்ளைக் காண்டாமிருகத்தின் கன்றோ பெரும்பாலும் தாயின் முன்னால் நடக்கும். தனித்தே வாழும் விலங்கு என்று நூல்கள் சொல்வதை நம்பிப் போன எனக்கு, அதன் பின் நடந்தது வியப்பாக இருந்தது. இரவு முன்னேற முன்னேற வேறு காண்டாமிருகங்களும் வந்தன. அவை ஒன்றையொன்று நெருங்கி, மூக்கோடு மூக்கு உரசி, சீறி, விலகி, மீண்டும் நெருங்கின. கன்றுகள் இரண்டு கரையில் ஒன்றையொன்று துரத்தின. பகலில் தனிமையை விரும்பும் இவற்றுக்கு நீர்க்கரை ஊர்ப்பொதுவிடம் போலும்.

யானைக் கூட்டம் ஒன்று வந்தபோதுதான் அந்தக் கரையின் அதிகாரப் படிநிலை தெரிந்தது. யானைகள் எவரையும் கேட்பதில்லை. வரிக்குதிரைகள் ஒதுங்கின, தாயும் கன்றும் ஒதுங்கின. முதலில் வந்த ஆண் மட்டும் அசையவில்லை. இளம் யானை ஒன்று காதை விரித்துக்கொண்டு இரண்டடி முன்னேறியது, காண்டாமிருகம் தலையைத் தாழ்த்தி ஒரே ஒரு குறுகிய பாய்ச்சல் பாய்ந்து நின்றது. புழுதி அடங்கியபோது யானை பத்தடி பின்னால் இருந்தது. பெரிய யானை ஒன்று சாவதானமாக நடந்து வந்த பிறகே காண்டாமிருகம் இடத்தை விட்டுக்கொடுத்தது, அதுவும் ஓடாமல், பக்கவாட்டில் நகர்ந்து. தம்பி அன்று நள்ளிரவுக்குப் பிறகும் எழுந்திருக்க மறுத்தான். மறுநாள் காலை, "இன்றைக்கு வண்டியை எடுக்க வேண்டாமா?" என்று நான்தான் கேட்க வேண்டியிருந்தது.

வண்டியை எடுப்பது பற்றிய பேச்சு வந்ததால் கூரைக்கூடாரத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். பெருவெளியில் ஓரிரவுக்கு ஓரிடம் என்று நகர்ந்துகொண்டே இருப்பவர்களுக்கு அது வசதியானது. எட்டோஷா போல ஒரே முகாமில் சில இரவுகள் தங்கி, விடியற்காலையில் வெளியே ஓட்டிச் செல்லும் பயணத்துக்கு அது இடைஞ்சல். ஒவ்வொரு நாளும் வாயில் திறக்கும் நேரத்தில், விறைத்த கைகளோடு பனி ஈரம் படிந்த துணியை மடித்து, வார்களை இழுத்துக் கட்டி, ஏணியைச் செருகினால்தான் வண்டி நகரும். அருகில் சாதாரணத் தரைக்கூடாரம் போட்டிருந்தவர்கள் அதற்குள் புறப்பட்டுப் போயிருப்பார்கள். முகாம்களைச் சுற்றி வேலி இருப்பதால் தரையில் படுப்பதில் அச்சப்பட ஒன்றுமில்லை. வேலிக்குள் நுழைந்துவிடும் நரிகள் மட்டும் விதிவிலக்கு. கருமுதுகு நரிகள் அடுப்பில் இறைச்சி வாடை கிளம்பியதும் வெளிச்சத்துக்கு அப்பால் வந்து நிற்கும். காலணியை வெளியே விட்டுவிட்டுத் தூங்கினால் காலையில் ஒற்றைக் காலணிதான் இருக்கும். ஹலாலியில் குப்பைத் தொட்டிகளைக் கவிழ்க்க இரவில் தேன்வளைக்கரடிகள் வருகின்றன. அவை சிறியவை, ஆனால் யாருக்கும் அஞ்சாதவை, விரட்டப் போகாதீர்கள்.

ஹலாலியின் மோரிங்கா குட்டை ஒகாகுவேயோவைவிட அமைதியானது, பாறைக் குன்றின்மேல் அமர்ந்து கீழே பார்ப்பது போன்ற அமைப்பு. காண்டாமிருகங்கள் மிக அருகில் வருவதால் நிழற்படக்காரர்கள் இதையே விரும்புகிறார்கள். சுற்றிலும் மோபனே மரங்கள் அடர்ந்திருப்பதால், விலங்கு வெளிச்சத்துக்கு வரும் முன் கிளை முறியும் ஒலி கேட்கும். நமுட்டோனியில் ஜெர்மானியர் கட்டிய வெள்ளைக் கோட்டை பார்க்க அழகாக இருக்கிறது, காண்டாமிருகத்துக்காக மட்டும் வருகிறவர்கள் அங்கே ஓரிரவுக்கு மேல் செலவிட வேண்டியதில்லை.

வெள்ளைக் காண்டாமிருகத்தைப் பகலில், திறந்தவெளியில் பார்த்தோம். எட்டோஷாவில் அவை முற்றாக அழிந்து, 1990-களில் மீண்டும் கொண்டுவரப்பட்டவை. வெள்ளை, கருப்பு என்ற பெயர்களை நம்பி நிறத்தைப் பார்த்துப் பயனில்லை. எட்டோஷாவின் களிமண்ணில் புரண்டால் இரண்டுமே சுண்ணாம்பு நிறம்தான். வாயைப் பாருங்கள். புல்லை மேயும் வெள்ளைக் காண்டாமிருகத்தின் உதடு அகன்று சதுரமாக இருக்கும். இலையும் கிளையும் தின்னும் கருப்புக் காண்டாமிருகத்தின் மேலுதடு கூர்ந்து, விரல்போல் வளைந்து கிளையைப் பற்றும். தலை எப்போதும் தரையை ஒட்டியிருந்தால், கழுத்துக்குப் பின்னால் திமில் போன்ற மேடு இருந்தால், அது வெள்ளை. எடையிலும் வேறுபாடு பெரிது. வெள்ளை ஆண் இரண்டு டன்னைத் தாண்டும், கருப்பு பெரும்பாலும் ஒரு டன்னைச் சுற்றியே நிற்கும். விலங்கே கண்ணில் படாத இடத்திலும் சாணம் சொல்லிவிடும். இரண்டும் குறிப்பிட்ட இடங்களில் மீண்டும் மீண்டும் சாணமிட்டுக் குவிப்பவை. வெள்ளையின் சாணத்தில் மென்மையாக அரைபட்ட புல் மட்டும் இருக்கும். கருப்பினுடையதில் கத்தரியால் சாய்த்து வெட்டியது போன்ற குச்சித் துண்டுகள் நிறைந்திருக்கும். சாலையோரத்தில் புதிய சாணக்குவியல் தென்பட்டால் அங்கே வண்டியை நிறுத்தி, இயந்திரத்தை அணைத்து, அரைமணி நேரம் சுற்றிலும் பார்ப்பது, அடுத்த இருபது கிலோமீட்டர் ஓட்டுவதைவிடப் பலன் தரும்.

காண்டாமிருகம் சாலையைக் கடக்க வந்தால் அதன் வழியை மறிக்காமல் தொலைவிலேயே நின்றுவிட வேண்டும். காதுகள் இரண்டும் வண்டியின் பக்கம் திரும்பி, வால் மேல்நோக்கிச் சுருண்டால் அது கலவரப்பட்டிருக்கிறது என்று பொருள். மெல்லப் பின்னோக்கி நகர்வதே முறை. மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் ஓடக்கூடிய ஒரு டன் எடையை, இன்னும் அருகில் ஒரு படத்துக்காகச் சோதித்துப் பார்க்க வேண்டாம்.

நாங்கள் பார்த்தவற்றில் சிலவற்றுக்குக் கொம்பு இல்லை. மூக்கின்மேல் தட்டையாக அறுத்த தழும்பு மட்டும் இருந்தது. முதல் பார்வையில் மனம் சற்று வருந்தும். கொம்பு என்பது நம் நகத்தில் உள்ள அதே கெரட்டின் என்ற புரதம்தான். மயக்கமூட்டி, வளரும் அடிப்பகுதியை விட்டுவிட்டு அறுத்தால் வலியில்லை, மீண்டும் வளர்ந்துவிடும். ஓரிரு ஆண்டுகளுக்கு ஒருமுறை திரும்ப அறுக்க வேண்டும் என்பதுதான் செலவும் சிரமமும். காண்டாமிருகத்தைக் காப்பதற்காகக் கொம்பை அகற்றும் முறையை 1989-இல் முதன்முதலில் செயல்படுத்தியது நமீபியாதான். கொம்பின் பன்னாட்டு வணிகம் 1977 முதல் தடைசெய்யப்பட்டிருந்தும், தென்னாப்பிரிக்காவில் மட்டும் 2014-ஆம் ஆண்டில் 1,215 காண்டாமிருகங்கள் கொல்லப்பட்டன. 2024-இல் அந்த எண்ணிக்கை 420. குறைந்திருக்கிறது என்று ஆறுதல் கொள்ளலாம், ஆனால் கொல்வதற்கு எஞ்சியிருப்பவையும் குறைந்துவிட்டன என்பதையும் சேர்த்தே எண்ண வேண்டும். கொம்புள்ள காண்டாமிருகத்தின் படம் வேண்டும் என்று குறைப்பட்டுக்கொள்ளும் பயணிகளை முகாமில் சந்தித்தேன். எனக்கு அந்தக் குறை இல்லை.

இதே காரணத்தால் பயணிகளின் கைபேசியும் ஆபத்தாகலாம். பல கைபேசிகள் படம் எடுத்த இடத்தின் துல்லியமான ஆயத்தொலைவுகளைப் படத்துக்குள்ளேயே பதிந்து வைக்கின்றன. அதை அணைத்துவிட்டு எடுங்கள். எந்தச் சாலையில், எந்தத் திருப்பத்தில் பார்த்தீர்கள் என்று சமூக வலைத்தளத்தில் எழுதாதீர்கள். க்ரூகர் பூங்காவின் முகாம்களில் அன்றன்று எங்கே எது தென்பட்டது என்று காட்டும் பலகைகளில் காண்டாமிருகத்தைக் குறிப்பதையே நிறுத்திவிட்டார்கள். இப்பதிவில் ஒகாகுவேயோ, மோரிங்கா குட்டைகளை நான் பெயர் சொல்லி எழுதியதற்குக் காரணம், அவை உலகமே அறிந்தவை, வேலியும் விளக்கும் மனிதக் கண்களும் நிறைந்தவை என்பதுதான். வெள்ளைக் காண்டாமிருகத்தைப் பார்த்த இடத்தை எழுதவில்லை, கேட்டாலும் சொல்ல மாட்டேன்.

நாட்கள் மிச்சம் இருப்பவர்கள் எட்டோஷாவின் மேற்குப் பகுதி வழியாக வெளியேறுவது நல்லது. பல ஆண்டுகள் பதிவுபெற்ற சுற்றுலா நிறுவனங்களுக்கு மட்டுமே திறந்திருந்த அந்தப் பகுதியில் இப்போது எவரும் ஓட்டிச் செல்லலாம். வழியில் உள்ள ஒலிஃபான்ட்ஸ்ரஸ் கூடாரம் போடுகிறவர்களுக்கென்றே அமைந்த முகாம், அறைகள் கிடையாது. 1980-களில் யானைகளின் எண்ணிக்கையைக் குறைப்பதற்காகச் சுட்டு, அவற்றின் உடல்களைக் கையாண்ட இரும்புச் சட்டகம் இன்றும் அங்கே நிற்கிறது. அதைப் பார்த்துவிட்டு, நீரின்மேல் நீட்டிக் கட்டிய மறைவிடத்தில் போய் உட்கார்ந்து, அதே யானைகளின் வழித்தோன்றல்கள் குடிப்பதைப் பார்க்கலாம்.

பூங்காவின் மேற்கே உள்ள கால்டன் வாயிலைத் தாண்டி, கமன்ஜாப் ஊர் வழியாக, க்ரூட்பெர்க் கணவாயைக் கடந்து பாம்வாக் வரை போனால் தாமராலாந்து. செந்நிறப் பாறைகளும் மேசை போன்ற மலைகளும் மட்டுமே இருக்கும் அந்தப் பாலையில், வேலியின்றி, கருப்புக் காண்டாமிருகங்கள் சுதந்திரமாகத் திரிகின்றன. மற்ற விலங்குகள் பெரும்பாலும் தவிர்க்கும் நச்சுப்பால் வடியும் தாமராலாந்துக் கள்ளியையும் இவை தின்று செரிக்கின்றன. 1982-இல் தொடங்கப்பட்ட ‘சேவ் தி ரைனோ டிரஸ்ட்’ அமைப்பின் தடமறிவோர் இவற்றை ஒவ்வொன்றாக அடையாளம் அறிந்து பின்தொடர்ந்து கண்காணித்து வருகிறார்கள். சரளைச் சாலையில் சக்கரக் காற்றைச் சற்றுக் குறைத்து, வேகத்தை அடக்கி ஓட்டினால் அங்கே வரை எவரும் போய்விடலாம். அதற்குமேல் சொந்த வண்டியில் தேடி அலைவதை நான் ஏற்பதில்லை. அந்த நிலத்தில் ஒரு காண்டாமிருகம் மிரண்டு ஓடினால் அது வெயிலில் பல கிலோமீட்டர் ஓடும். நீர்க்குட்டைகளோ வெகு தொலைவில் இருக்கின்றன.

நாங்கள் வண்டியைத் தங்குமிடத்தில் நிறுத்திவிட்டு, தடமறிவோருடன் விடியற்காலையில் புறப்பட்டோம். அவர்கள் தரையைப் பார்த்து, சாணத்தை உடைத்துப் பார்த்து, காற்றின் திசையைக் கைப்பிடி மண்ணை உதிர்த்துப் பார்த்து, மூன்று மணி நேரம் நடத்திக் கூட்டிச் சென்றார்கள். ஒரு மேட்டின்மேல் படுத்துக்கொண்டு, எதிர்ச்சரிவில் கள்ளிச்செடிக்கு அருகே நின்ற ஒரு பெண் காண்டாமிருகத்தைக் காட்டினார்கள். காது ஒன்று எங்கள் பக்கம் திரும்பியதுமே தலைவர் கையை இறக்கிச் சைகை செய்தார், வந்த வழியே திரும்பினோம். பார்த்தது சில நிமிடங்கள்தான். வண்டிக்குத் திரும்பும் வழியில் தம்பி, அடுத்த முறை எட்டோஷாவில் ஒரே முகாமில் ஒரு வாரம் இருந்துவிடலாம் என்றான். ஒகாகுவேயோவில் கூடாரமிடும் இடங்கள் ஜூலை, ஆகஸ்ட் மாதங்களுக்குப் பல மாதங்கள் முன்பே நிரம்பிவிடுகின்றன என்பதால் முன்பதிவை இப்போதே பார்க்கச் சொல்லியிருக்கிறேன்.